மலை ஏறும் பிறந்த நாள்

சேலத்து வெயிலுக்கு அஞ்சி மலையேறுகிறவர்களுக்கு ஏற்காடு என்றால் ஏரியும் படகும், லேடீஸ் சீட்டும் பகோடா பாயிண்டும், கிளியூர் அருவியும் தான். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்று பெயருக்குப் பொருள் சொல்லுவார்கள். சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பாதை. அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேர்வராயன் மலையில் சுமார் 5,000 அடி உயரத்தில் ஊர் அமைந்திருக்கிறது. இந்தக் காட்சிகளைப் பற்றி எழுதியவர்கள் பலர். நாம் எழுத எடுத்துக்கொண்டது வேறொரு காரியமாக அந்த மலைக்கு ஏறும் யாத்திரிகர்களைப் பற்றி.

ஏற்காடு பள்ளிக்கூடங்களின் ஊர். 1917-இல் தொடங்கிய மான்போர்ட் பள்ளியும், கன்னியாஸ்திரீகள் தொடங்கிய சேக்ரெட் ஹார்ட் பள்ளியும் நாடெங்கும் பெயர் பெற்றவை. தாய் தந்தையரை விட்டு வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இவ்வூரில் அநேகர். பிறந்த நாளோ பள்ளிக்கூடத்து விடுமுறையைப் பார்த்து வருவதில்லை. ஆகையால் வீடு குழந்தையிடம் போகவேண்டியதாகிறது. பிள்ளையின் பெயரை நினைத்துக்கொண்டு, ஒரு தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தாய்மார் பஸ் ஏறுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு தாயாரோடு நாமும் ஒருமுறை அந்தப் பாதையில் பிரயாணம் செய்தோம். "டப்பாவைக் கீழே வையுங்கம்மா, வளைவிலே கை வலிக்கும்" என்றார் கண்டக்டர். "இருக்கட்டும் தம்பி, மடியிலேயே இருக்கட்டும். பையனுக்கு இன்னைக்குப் பொறந்த நாள்" என்றார் அம்மையார். கண்டக்டர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வளைவில் தாமே டப்பாவை ஒரு கையால் தாங்கிக்கொண்டார்.

அந்த டப்பாவில் என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. கடையில் வாங்கிய பாலாடைப் பூச்சுக் கேக்கு, முதல் 10 வளைவுகளிலேயே ஒரு பக்கம் சாய்ந்து, மீதி 10 வளைவுகளில் அட்டைப் பெட்டியோடு ஐக்கியமாகிவிடும். காற்றடைத்த வறுவல் பொட்டலமோ, மேலே ஏற ஏறத் தலையணையைப் போல் உப்பிக்கொண்டே வரும். மலைமேல் காற்றின் அழுத்தம் குறைவதால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து உறையைத் தள்ளுகிறது. இந்தப் பொட்டலத்தைக் கவனித்த குழந்தைக்கு ஒரு பௌதிகப் பாடம் செலவில்லாமல் ஆயிற்று. அந்தப் பாடம் நமது கேக்குக்கும் வேண்டியிருக்கிறது.

கேக்கு அந்நியப் பண்டமாயிற்றே, பிறந்த நாளுக்குப் பாயசம் போதாதா என்று பாட்டிமார் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், நமது நாட்டில் கேக்கு புகுந்த கதையைக் கேட்டால் அவர்கள் கோபம் சற்றுத் தணியும். தலைச்சேரியில் ராயல் பிஸ்கட் பாக்டரி என்ற ரொட்டிக் கடை வைத்திருந்த மாம்பள்ளி பாப்பு என்பவரிடம், 1883-ஆம் ஆண்டில், மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரத் துரை சீமையிலிருந்து வந்த ஒரு கேக்கைக் காட்டி, கிறிஸ்துமஸுக்கு அதுபோல் ஒன்று செய்யச் சொன்னாராம். பாப்பு நம் பக்கத்துப் பழத்தையும் சாராயத்தையும் சேர்த்துச் செய்து கொடுத்தார் என்றும், துரை அதைத் தின்று மெச்சினார் என்றும் அவ்வூரில் சொல்லி வருகிறார்கள். வேற்றூர்ப் பண்டம் நம்முடையதாவது இப்படித்தான்.

சேர்வராயன் மலையே இதற்குச் சாட்சி. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. அந்த மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடியோ நம்முடையது. மூன்றும் இன்று ஒரே தோட்டத்தில் ஒற்றுமையாக வாழ்கின்றன. கேழ்வரகும் சாமையும், இந்த மலையின் பழங்குடிகளாகிய மலையாளிகள் பயிரிட்டு வந்த தானியங்கள். இவர்கள் கேரளத்தார் அல்லர். தமிழ் பேசும் மலைவாசிகள். ஆகவே கேழ்வரகையும் ஆரஞ்சையும் சேர்த்து ஒரு கேக்குச் செய்தால், அதை மலை தன்னுடையதென்றே ஏற்றுக்கொள்ளும்.

செய்முறை இது: கோதுமை மாவு ஒரு கிண்ணம், கேழ்வரகு மாவு அரைக் கிண்ணம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, ஆப்பச் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, இவற்றைச் சலித்துக் கொள்ளவேண்டும். முக்கால் கிண்ணம் நாட்டுச் சர்க்கரையை ஒரு கிண்ணம் தயிரிலும், அரைக் கிண்ணம் உருக்கிய நெய்யிலும் கரைத்து, கால் கிண்ணம் ஆரஞ்சுச் சாறும், பழத்தோலின் மேல்பகுதியை மட்டும் சீவிய துருவலும் சேர்க்கவேண்டும். தோலின் வெள்ளைப் பகுதி கசக்கும். மாவைக் கொட்டி, கட்டியில்லாமல் கலந்தால் போதும்; அதிகம் அடித்தால் கேக்கு இறுகிவிடும். நெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, 180 டிகிரி சூட்டில் சுமார் 40 நிமிஷம் சுடவேண்டும். அடுப்புப் பெட்டி இல்லாத வீட்டில் கனமான பாத்திரத்தின் அடியில் மணல் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்துக் கேக்குப் பாத்திரத்தை அதன்மேல் அமர்த்தி, மூடிச் சிறு தீயில் சுடலாம். ஈர்க்குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வருவதே பக்குவம்.

இது சேலத்துக் கணக்கு. ஏற்காட்டில் குடியிருப்பவர்கள் இதே கணக்கில் செய்தால், கேக்கு ஆர்ப்பாட்டமாக எழும்பி, நடுவில் பள்ளம் விழுந்து உட்கார்ந்துவிடும். கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குதான் அங்கே உண்டு. அதனால் மாவுக்குள் உண்டாகும் வாயு, மாவு வெந்து இறுகுமுன்பே அதிகமாக விரிந்து சுவர்களை உடைத்துக்கொண்டு போய்விடுகிறது. தண்ணீரும் 100 டிகிரிக்குக் காத்திராமல் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. மலைமேல் பருப்பு வேகத் தாமதமாவதும் இதனாலேயே. ஆகவே மலைக்கணக்கு வேறு: பேக்கிங் பவுடரில் கால் பங்கும், சோடாவில் அதே அளவும் குறைக்கவேண்டும். சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி குறைத்து, தயிரிலோ சாற்றிலோ இரண்டு மூன்று மேசைக்கரண்டி கூட்டவேண்டும். சூட்டையும் சுமார் 10 டிகிரி ஏற்றவேண்டும். சமவெளியின் சட்டம் மலைக்குச் செல்லாது என்பது அடுப்பங்கரையிலும் உண்மைதான்.

பண்டம் ஆயிற்று, இனி அலங்காரம். கடையிலே விற்கும் மினுக்குக் காகிதமும் பலூனும் ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் உயிர் வாழ்வதில்லை. செத்தபின் அவை மலைச்சரிவிலே கிடக்கின்றன. காப்பித் தோட்டத்து ஓரப் பாதையில் சில்வர் ஓக் இலைகள் உதிர்ந்து கிடப்பதைப் பாருங்கள். மேலே பசுமை, அடியில் வெள்ளி. வீழ்ந்த இலைகளை மட்டும் பொறுக்கி, பழைய புத்தகத்தில் ஒரு வாரம் அழுத்தி வைத்து, மைதாப் பசையால் கெட்டி அட்டையில் ஒட்டினால் அழகான அழைப்பிதழ் ஆகும். பின்புறம் பிள்ளை தன் கையாலேயே தோழர்களின் பெயரை எழுதட்டும். எழுத்து கோணலாயிருந்தால் இருக்கட்டும். பழைய செய்தித்தாளை முக்கோணமாகக் கத்தரித்து, நூலில் மடித்து ஒட்டினால் தோரணம். உலர்ந்த காப்பிக் கொட்டைகள் பல்லாங்குழி ஆட உதவும். ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பத்திரப்படுத்திக் கொள்ளலாம்.

பரிமாறுவதற்கு மந்தார இலைகளை ஈர்க்கால் தைத்த தையல் இலை இருக்கவே இருக்கிறது. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, உறிஞ்சு குழல் முதலியவற்றைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்திருக்கிறது. சட்டம் சொல்லுவதற்கு வெகு காலம் முன்பே நமது பாட்டிமார் அதை அநுசரித்து வந்தார்கள் என்பதில் நாம் சற்றுப் பெருமை கொள்ளலாம்.

இன்னும் ஒன்று: மெழுகுவத்தி. கேக்கின்மேல் வயதின் எண்ணிக்கைக்கு வத்தி ஏற்றுவது, 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியிலேயே இருந்த வழக்கம். ஏற்றுவதில் நமக்கு ஆட்சேபமில்லை. மங்கள நாளில் விளக்கை ஊதி அணைப்பதுதான் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உறுத்துகிறது. அதற்கென்ன? எட்டு வயதென்றால் எட்டு அகல்களை வைத்து, குழந்தையை ஏற்றச் சொன்னால் போயிற்று. அணைக்கிற சந்தோஷத்தைவிட ஏற்றுகிற சந்தோஷம் குறைந்ததா?

இவற்றுக்கெல்லாம் பணம் அதிகம் ஆகாது, நேரம் ஆகும். பணமுள்ளவன் வாங்கிய பெரிய கேக்கைப் பார்த்து, பணமில்லாதவனின் பிள்ளை, "எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்கும்போது தகப்பனார் தலை குனிகிறார். பிறந்த நாள் என்பது விலைப் போட்டியானால் அதில் பாதிக் குழந்தைகள் தோற்றே தீரவேண்டும். கையால் செய்வதில் அந்தப் போட்டி கிடையாது. கோணல் எழுத்து அட்டையும், நடுவில் சற்றுப் பள்ளம் விழுந்த கேழ்வரகுக் கேக்கும் எந்த வீட்டிலும் ஒரே விலைதான்.

விடுதிகளுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. ஆகையால் டப்பாவோடு புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம். இடம் கொடுத்தால், அறைத் தோழர்கள் எத்தனை பேர் என்று கேட்டு அத்தனைத் துண்டுகளாக வெட்டிக் கொண்டுபோங்கள். உங்கள் பிள்ளையின் பக்கத்துக் கட்டிலில், யாரும் வந்து பார்க்காத பிள்ளை ஒன்று இருக்கலாம். அதற்கும் ஒரு துண்டு கணக்கில் இருக்கட்டும்.