கார்த்திகை ரிசப்ஷனுக்கு என்ன உடுத்துவது?

ஆடியும் மார்கழியும் கல்யாணத்துக்கு ஆகாது. ஐப்பசியும் கார்த்திகையும் ஆகும். மாதங்களைப் பிரித்து வைத்தவர்கள் மழையைக் கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நாட்களில்தான் எங்கள் பக்கத்து மண்டபங்களில் தேதி கிடைப்பதில்லை.

விடிகாலை முகூர்த்தத்துக்கு மட்டும் போய்வந்த காலத்தில் இது பெரிய விஷயமாக இல்லை. தாலி கட்டி, பந்தி முடிந்து வெளியே வந்தால் கொஞ்சம் வெயிலாவது எட்டிப் பார்க்கும். இப்போது கல்யாணத்துக்குப் போவது என்றாலே முதல் நாள் ராத்திரி ரிசப்ஷனுக்குப் போவதுதான். அதுவும் அதியமான்கோட்டை மாதிரி, தருமபுரியிலிருந்து சேலம் போகிற சாலையோரத்து ஊரில், கார்த்திகை மாதத்தில், இருட்டிய பிறகு! மேலே தூறல், முகத்தில் வாடைக்காற்று, காலடியில் வண்டி நிறுத்துமிடத்துச் செம்மண் சேறு. சீரியல் விளக்கு மட்டும் ஜெகஜோதியாக எரியும்.

சித்திரையில் கோட்டு சூட்டுக்குள் வியர்த்து வழிகிற மாப்பிள்ளையைப் பார்த்து நாம் பரிதாபப்படுவோம். கார்த்திகையில் மண்டபத்திலேயே பொருத்தமாக உடுத்தியவர் அவர் ஒருவர்தான். பக்கத்தில் கையை மூடிக்கொள்ள ஒன்றுமில்லாமல் நிற்கும் பெண்ணுக்குப் பல் தந்தியடிக்கும். அப்படியே போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும்.

“ஒரு சால்வை எடுத்துக்கோடி” என்று அப்படி ஒரு ரிசப்ஷனுக்குக் கிளம்பும்போது என் மகளிடம் சொன்னேன்.

“போம்மா, அதைப் போத்திக்கிட்டா ஆரி வொர்க் யாருக்குத் தெரியும்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ரவிக்கைக்குக் கொடுத்த தையற்கூலியில் இன்னொரு புடவை எடுத்திருக்கலாம். ஆனாலும் நம்மவர்களின் சால்வைக் கணக்கு விசித்திரமானதுதான். மேடையில் ஏறியவருக்கெல்லாம் பொன்னாடை போர்த்துகிறோம். அது நேராக பீரோவுக்குப் போகிறது. குளிருக்கு என்று யாரும் அதை வெளியே எடுப்பதில்லை.

இத்தனைக்கும் நாங்கள் போனது அதியமான் பெயரைச் சுமக்கும் ஊருக்கு. அதியமான் என்றதும் எல்லோருக்கும் நெல்லிக்கனி நினைவுக்கு வரும். அவன் ஔவைக்குத் துணியும் கொடுத்தான். பாசி போல நைந்து கிடந்த தன் உடையைக் களைந்து, பூப்போன்ற புத்தாடையை அவன் உடுத்திவிட்டதை ஔவையே புறநானூற்றில் பாடியிருக்கிறாள். விருந்தாளி ஈரத்துணியோடு நிற்கக்கூடாது என்று தெரிந்தவனின் ஊர் இது.

குளிருக்குப் பட்டு ஆகாது என்று சிலர் சிந்தெடிக் புடவைக்கு மாறிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டு, புழு தனக்காகக் கட்டிக்கொள்ளும் வீடு. உடம்புச் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் சுமார் 11 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொண்டு, தொட்டால் உலர்ந்தே இருக்கும். பாலியெஸ்டர் வாங்குவது அரை சதவீதம்கூட இல்லை. அதனால்தான் அது சாரலில் நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. பட்டுக்கூட்டை ஏலத்தில் விற்கும் அரசு அங்காடி தருமபுரியிலேயே இருக்கிறது. மல்பெரி போட்டு புழு வளர்ப்பவர்களைக் கேட்டால், குளிரும் ஈரமும் சேர்ந்து வரும் மாதங்களில் புழு விறைத்துச் சுண்ணாம்புக்கட்டி போல ஆகிவிடும் நோயைப் பற்றிச் சொல்வார்கள். புழுவுக்கும் கார்த்திகை கஷ்டகாலம்தான்.

பட்டுக்குப் பகை குளிர் இல்லை, தண்ணீர். மழைத்துளி பட்ட இடம் காய்ந்ததும் வட்டமாகக் கறை காட்டும். அசல் சரிகை என்றால் பட்டு இழையின் மேல் வெள்ளி சுற்றி, தங்கம் பூசியது. ஈரத்தோடு மடித்து வைத்தால் வெள்ளி கறுக்கும். அதனால் மழை நாளில் அகலக் கரைக் காஞ்சிபுரத்தை வீட்டில் விட்டுவிட்டு, சன்னக் கரை போட்ட மெல்லிய பட்டை எடுப்பேன். மண்டப வாசல் வரை கொசுவத்தைக் கணுக்கால் தெரியத் தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பதில் ஒரு வெட்கமும் இல்லை. உள்ளே போய் இறக்கிவிட்டுக்கொள்ளலாம். காலுக்கு ரப்பர் செருப்பு. எப்படியும் புடவை மூடிவிடும், சேறானாலும் கழுவிக்கொள்ளலாம். கைப்பையில் இரண்டு ஊக்கும் ஒரு பழைய பருத்தித் துண்டும் இருக்க வேண்டும். நனைந்தால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கத்தான் துண்டு. வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு தூக்கம் வந்தாலும் சரி, புடவையை மடிக்காமல் கொடியில் காற்றாடப் போட்டுவிட்டுப் படுப்பது உத்தமம்.

ஆண்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேட்டியை மடித்துக் கட்டத் தெரிந்தவனுக்கு மழை ஒரு பொருட்டா!

எத்தனை முன்யோசனையோடு உடுத்திப் போனாலும் உள்ளே ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு, வாசலில் ஐஸ்கிரீமை நீட்டுகிறார்கள். கார்த்திகையில் ரிசப்ஷன் வைக்கிறவர்களே, ஏசியை அணைத்துவிடுங்கள். வாசலில் நாலு பழைய சாக்கு விரித்துப் போடுங்கள். ஐஸ்கிரீம் இருக்கிற இடத்தில் சுக்குக் காப்பி வையுங்கள். மொய் கொஞ்சம் கூடவே எழுதுகிறோம்.