சிவில்காரன் படித்த நாலு நாவல்கள்

"நாவல் படிக்கிறேன்" என்று நம்ம ஹாஸ்டலில் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "பொன்னியின் செல்வனா மச்சான்?" ஆமாம், அதுவும் படித்தேன். ஐந்து பாகத்தையும் பிளஸ் டூ லீவில் சோறு தண்ணி மறந்து படித்தேன். அதில் இன்றைக்கும் எனக்குப் பிடித்த இடம் முதல் அத்தியாயம். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். தண்ணீர் பாய்கிற கணவாய்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வருகிறான். அப்போது அது வெறும் வர்ணனையாகத்தான் தெரிந்தது. சிவில் சேர்ந்த பிறகு திரும்ப எடுத்துப் பார்த்தால், "அட, நம்ம ஆளு ஸ்லூஸ் எண்ணிட்டு வர்றான்யா" என்று சிரிப்பு வந்தது.

அதற்கப்புறம் என் கைக்கு வந்த நாவல்களில் மனதில் தங்கியது எல்லாமே ஒரு மாதிரி 'சைட்' கதைகள்தான். எதையாவது கட்டுகிற, வெட்டுகிற, கொண்டு வருகிற, எடுத்துக்கொள்கிற கதைகள். அதில் நாலு பற்றி இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, சா. கந்தசாமியின் 'சாயாவனம்', 1969. இதைப் படித்தபோது எங்களுக்கு எஸ்டிமேஷன் பேப்பர் ஓடிக்கொண்டிருந்தது. காடு வெட்டிச் சுத்தம் செய்வது அதில் ஒரு ஐட்டம். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் அளக்கணும். இத்தனை சுற்றளவுக்கு இவ்வளவு ரேட். முடிந்தது. சாயாவனத்தில் அந்த ஒரு ஐட்டம்தான் கிட்டத்தட்ட முழு நாவலும்.

கடல் கடந்து போய்ச் சம்பாதித்துத் திரும்பிய சிதம்பரம், காவிரிப் பக்கத்து ஊரில் ஒரு பெரிய தோட்டத்தை வாங்குகிறான். அங்கே கரும்பு ஆலை கட்டணும். தோட்டம் என்று பெயர்தான், ஆள் நுழைய முடியாத காடு. எந்தப் பக்கமிருந்து வெட்டுவது, மூங்கில் புதரை என்ன செய்வது, தீ வைத்தால் எப்படிப் பரவும் என்று பக்கம் பக்கமாக வேலை நடக்கிறது. கதையில் வில்லன் கிடையாது. சிதம்பரம் உண்மையில் நல்ல இன்ஜினியர் மாதிரிதான். கூலிக்கு ஆள் வைத்துவிட்டு நிழலில் உட்காராமல் தானும் இறங்கி வேலை செய்கிறவன். பாதி நாவல் வரை நான் அவன் கட்சி. தீயில் பறவையும் விலங்கும் கருகும்போதுகூட, "வேலை முடியட்டும்" என்று மனசின் ஒரு ஓரம் சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்குப் பயம் வந்தது அங்கேதான். ஆலை எழும்புகிறது. ஆனால் ஊர்க் குழம்புக்குப் புளி இல்லை. அந்தத் தோட்டத்து மரங்கள்தான் ஊருக்கே புளி தந்துகொண்டிருந்தன. வெளியூரிலிருந்து வாங்கிக் கொடுக்கலாம், அந்த ருசி வராது. இந்தப் புளியை எஸ்டிமேட்டில் எந்த ஐட்டத்தில் எழுதுவது?

இரண்டாவது, அசோகமித்திரனின் 'தண்ணீர்', 1973. நம்ம வாட்டர் சப்ளை பாடத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். மக்கள்தொகையால் பெருக்கு, பீக் ஃபாக்டர் போடு, குழாய் விட்டம் வந்துவிடும். 'தண்ணீர்' நடக்கிற சென்னைத் தெருவில் யாரும் லிட்டரில் பேசுவதில்லை. ஒரு குடம், ரெண்டு குடம், அவ்வளவுதான் கணக்கு. அந்தக் குடத்துக்காகத் தூக்கம் போகிறது, மானம் போகிறது, பக்கத்து வீட்டு உறவு போகிறது.

இதில் எனக்கு மறக்காதது, ஜமுனா சாக நினைக்கிற இடமும், டீச்சரம்மா அவளிடம் பேசுகிற இடமும். நோயாளிப் புருஷன், மாமியார், ஸ்கூல் வேலை, இதோடு தண்ணீரும் பிடிக்கிறவள் டீச்சரம்மா. "எல்லாம் சரியாயிடும்" என்கிற மாதிரி ஆறுதல் எல்லாம் கிடையாது. தன் வாழ்க்கையைச் சொல்கிறாள், அவ்வளவுதான். என் ரூம்மேட் பாதியிலேயே புத்தகத்தை வைத்துவிட்டு, "ஒண்ணுமே நடக்கலையேடா" என்றான். அசோகமித்திரன் குரலை உயர்த்தவே மாட்டார், அதனால் அப்படித் தோன்றுவது உண்மைதான். ஆனால் படித்து முடித்த அந்த வாரம் முழுக்க, ஹாஸ்டல் டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால் என்னால் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன்.

மூன்றாவது எனக்கு நெருக்கமானது. பெருமாள்முருகனின் முதல் நாவல் 'ஏறுவெயில்', 1991. காலனி கட்டுவதற்காக ஒரு விவசாயக் குடும்பத்தின் நிலம் எடுக்கப்படுகிறது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாக எப்படிக் குலைகிறது என்பதை வீட்டுப் பையன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். எங்க கொங்குப் பக்கத்துப் பேச்சு. படிக்கும்போது எங்க வீட்டு ஆட்களே பேசுகிற மாதிரி இருந்தது.

அதற்குக் காரணமும் உண்டு. எங்க அப்பாருவின், அதாவது அப்பாவுடைய அப்பாவின், ஒன்றே கால் ஏக்கர் காடு ஒரு பைபாஸுக்குப் போனது. நான் அப்போது ஏழாவது. பணம் வந்தது. அத்தை கல்யாணம் அதில்தான் நடந்தது. மிச்சத்தை பாங்கில் போட்டு, என் முதல் வருஷ ஃபீஸும் அதிலிருந்துதான் கட்டினார்கள். அதனால் ஒரேயடியாகத் திட்டிவிட்டுப் போக என்னால் முடியாது. ஆனால் அப்பாரு அதற்கப்புறமும் விடியக்காலை நாலரைக்கே எழுந்துவிடுவார். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "மாடும் இல்ல, தண்ணி கட்டறதும் இல்ல. தூக்கம் மட்டும் வரமாட்டீங்குது" என்பார். ஏறுவெயிலை அப்பாவிடம் கொடுத்தேன். படித்து முடித்து ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். ரெண்டு நாள் கழித்து சாப்பிடும்போது, "அந்தப் பையன் எல்லாத்தையும் பாத்துட்டே இருக்கறான் பாரு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

நாலாவது, சோ. தர்மனின் 'சூல்', 2016. 2019-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். உருளைக்குடி என்ற கரிசல் கிராமத்துக் கண்மாய்தான் இதில் ஹீரோ. கிட்டத்தட்ட 500 பக்கம், அதுவும் கரிசல் பேச்சு. முதல் 50 பக்கம் திணறினேன், அப்புறம் விட முடியவில்லை. மடை, கலிங்கல், கரை என்று நம்ம இரிகேஷன் புத்தகத்தில் படமாக வருகிற ஒவ்வொன்றுக்கும் இங்கே பொறுப்பான ஒரு ஆள் இருக்கிறான். ஜமீன் காலத்தில் தொடங்கி சுதந்திரத்துக்குப் பிறகும் கதை நீள்கிறது. ஊரின் பிடி தளரத் தளரக் கண்மாயும் தளர்கிறது. பழைய ஊர்மேல் தர்மனுக்கு இருக்கிற பாசம் சில இடங்களில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. இருந்தாலும், கட்டுவதைப் பற்றியே நாலு வருஷம் படிக்கிற நமக்கு, கட்டினதைப் பார்த்துக்கொள்கிறவன் யார் என்று கேட்கிற புத்தகம் இது.

இதையெல்லாம் ஒரு நாள் மெஸ்ஸில் பேசப்போய், கூட இருந்த நண்பன் கேட்டான்: "அப்போ ரோடு போடக் கூடாதா, ஆலை கட்டக் கூடாதா? நீ எதுக்குடா சிவில் எடுத்த?" நியாயமான கேள்வி. அடுத்த வருஷம் பிளேஸ்மெண்டுக்கு ரோடு கம்பெனி வந்தால் நானும் போய் உட்காரத்தான் போகிறேன். வீட்டுக்கு அந்தச் சம்பளம் வேணும். எங்க காட்டில் எல்லைக்கல் நட வந்தவரும் என்னை மாதிரி ஒரு சிவில் பையன்தான். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார், எங்க வீட்டில்தான் தண்ணி வாங்கிக் குடித்தார். கிணறு எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். "இது யாருங்க வெட்டுனது?" என்று அப்பாருவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் ரோடு அதே இடத்தில்தான் போயிருக்கும். ஆனால் அப்பாருவுக்கு அந்த நாள் கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கும். நான் கல் நடப் போகும்போது அதைக் கேட்கிற ஆளாக இருக்கணும். பாடப் புத்தகத்தில் கிடைக்காத இதைத்தான் இந்த நாலு நாவலிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

படிக்க நினைக்கிறவர்களுக்கு: 'தண்ணீர்' சின்னப் புத்தகம், ரெண்டு ராத்திரி போதும், அதில் தொடங்குங்கள். அடுத்து 'சாயாவனம்'. ஊருக்குப் போகிற பஸ்ஸில் 'ஏறுவெயில்'. 'சூல்' மட்டும் செமஸ்டர் லீவுக்கு. இன்டர்னல்ஸ் வாரத்தில் எடுத்தால் அரியருக்கு நான் பொறுப்பில்லை. மெக்கானிக்கல், சிஎஸ்ஈ மக்களே, உங்க வேலையை வைத்து யாராவது நல்ல நாவல் எழுதியிருந்தால் அடுத்த இதழில் சொல்லுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.