தகரத்துக்குள் அடைபட்ட பசி

உணவை அடைத்துக் காய்ச்சி நெடுநாள் காக்கும் கலை, படைகளின் பசிக்காகவே வளர்ந்தது. பிரெஞ்சுக்காரரான நிக்கோலா அப்பேர் 1810இல் அம்முறையை நூலாக வெளியிட்டு அரசின் பரிசு பெற்றார். அவர் கையாண்டது கண்ணாடிக் குப்பி. தகரம் பின்னர் வந்தது.

அத்தகரத்தின் சுவையைத் தென்காசியில் எங்களுக்குச் சொன்னவர் என் பெரியவாப்பா. குற்றாலத்தில் நீராடிப் பசியோடு திரும்பும் சாரல் நாட்களில் அவருக்குப் பர்மா முனை நினைவுக்கு வந்துவிடும். 1944இல் இம்பால் முற்றுகையின்போது படைகளுக்கு விமானங்களே உணவு சுமந்தன. ஆங்கிலேயருக்குரிய மாட்டிறைச்சி டப்பாக்கள் சில வேளை இவர்கள் கைக்கும் வந்தன. இந்துத் தோழர்கள் தொடமாட்டார்கள். ஹலாலாக அறுக்கப்பட்டதென்று அறியாமல் இவரும் தொடமாட்டார். மீனுக்கு அத்தடை இல்லை. துருவேறிய சாளை டப்பாவை முதலில் விரலால் அழுத்திப் பார்ப்பாராம். உப்பியிருந்தால் உள்ளே கிருமி வளர்ந்து காற்றுப் பெருகியிருக்கும், அதைப் புதைத்துவிடுவார்கள். நல்லதாயினும் எண்ணெய் காறலெடுத்துத் தகர வாடை வீசும்.

சைவரான தோழர் ஒருவர் தம் மீனை இவருக்களித்து, இவருடைய பருப்பைப் பெற்றுக்கொள்வாராம். அவர் ஊர் திரும்பவில்லை.

1961இல் மைசூரில் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம் தோன்றிய பின், நம் நாவிற்கேற்ற உணவுகள் படைவீரருக்கென உருவாயின. அச்செய்தி கேட்டு மகிழ்ந்த பெரியவாப்பா, வீட்டில் சாளைக் குழம்பு வைக்கும் நாளில் மட்டும் பருப்பும் கேட்பார்; இரண்டையும் ஒன்றாகப் பிசைந்தே பிஸ்மி சொல்லி உண்பார்.