விரலில் தங்கிய கடல்

மாமல்லபுரத்துக் கரையில் வலையிழுக்கும் அண்ணன் ஒருவர், மாதக்கணக்காக ஆறாத விரற்புண்ணையும், அங்கிருந்து முழங்கை நோக்கி வரிசையாய் எழுந்த முடிச்சுகளையும் காட்டியபோது, தொழுநோய்க்கென்றே திருமணியில் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்ட இச்செங்கற்பட்டுச் சீமையில் அவர் மனம் எதை அஞ்சிற்று என்பது எனக்கு உடனே விளங்கியது.

"முள் ஏதாவது குத்திச்சா?" என்று தோல் மருத்துவர் கேட்ட ஒரு கேள்வியே வழியைத் திறந்தது. காசநோய்க் கிருமியின் குலத்ததாயினும், 30 டிகிரியையொட்டிய உஷ்ணத்திலேயே செழிக்கும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் ஜலவாசியைச் சந்தேகித்து, சதைத்துணுக்கைக் குறைந்த உஷ்ணத்திலும் வளர்த்துப் பார்க்குமாறு அவர் எழுதியனுப்பினார். வழக்கமான 37 டிகிரியில் மட்டும் வைத்திருந்தால் அது முளைக்காமலே போயிருக்கக்கூடும்.

1968-இல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் தொடங்கிய பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி ஆய்வில், அத்தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுக்காமற்போனதற்கு, நீரிலும் மண்ணிலும் வாழும் இவ்வினக் கிருமிகளின் பரிச்சயமும் ஒரு காரணமென விஞ்ஞானிகள் கருதினர் என்பதை அன்றிரவு நெடுநேரம் நினைத்திருந்தேன்.

மருந்து மாதக்கணக்கில் நீளும். ஆனால் தொழுநோயன்று என்றறிந்த அண்ணன் முகத்திலிருந்து அச்சம் நீங்கிவிட்டது.