காவலூர் மலையில் ஒரு நாலாம் பிறை

நாலாம் பிறையைப் பார்க்கக் கூடாது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். பார்த்தால் நாய் படாத பாடு படவேண்டி வருமாம். என் அத்தைக்கு இதில் அசைக்க முடியாத நம்பிக்கை. அப்படிப்பட்ட அத்தையை, 2025-ஆம் வருஷம் தை அமாவாசை கழிந்து சரியாகச் சதுர்த்தியன்று, ஆகாயம் பார்ப்பதற்கென்றே ஜவ்வாது மலைக்கு அழைத்துக்கொண்டு போனேன் என்றால், என் பஞ்சாங்க ஞானம் எப்படிப்பட்டது என்று நீங்களே யூகித்துக் கொள்ளலாம். நான் பார்த்தது காலண்டரில் சனிக்கிழமை விடுமுறையை மட்டுந்தான்.

இந்தப் பிரயாணத்துக்குக் காரணம் அத்தை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒரு நீள அட்டைப் பெட்டி. மாமா 2013-இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முதல் காரியமாக ஒரு தொலைநோக்கி வாங்கினார். 114 மில்லிமீட்டர் அகலமுள்ள கண்ணாடி வைத்த குழாய், அதற்கு ஒரு முக்காலி, சின்னஞ்சிறு ஐபீஸ்கள் இரண்டு மூன்று. மொட்டை மாடியில் இரவு பத்து மணிக்கு மேல் அவர் அதோடு மன்றாடிக் கொண்டிருப்பார். 2023-இல் அவர் காலமான பிறகு பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. சென்ற வருஷக் கடைசியில் அத்தை அதை என்னிடம் தள்ளிவிட்டாள். "பையன் பார்க்கட்டும். எனக்கு எதற்கு?" என்றாள். கூடவே மாமாவின் நோட்டுப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அதில் பென்சிலால் வரைந்த வட்டங்கள், தேதி, மணி. 2017 மே மாதத்துப் பக்கம் ஒன்றில் சனிக் கிரகம் அகலமான வளையத்தோடு, விளிம்பு வைத்த தொப்பியைப் போல் அழகாக உட்கார்ந்திருந்தது.

சென்னையிலிருந்து பெங்களூர் சாலையில் போனால் வேலூர், ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி வருகிறது. ஆம்பூர் பிரியாணியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். ஆகையால் ஒரு டீயோடு நிறுத்திக் கொள்கிறேன். அந்த டீக்கடையில்தான் அத்தை அந்த விஷயத்தைச் சொன்னாள்.

"உன் மாமா பத்து வருஷமாக எனக்குச் சனீசுவரனைக் காட்டினாரே, நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, தெரியுமா?"

"என்ன அத்தை இது! 'தெரியுது, தெரியுது' என்று நீங்கள் சொன்னதை நானே கேட்டிருக்கிறேனே!"

"சொன்னேன். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த மனுஷன் அவ்வளவு ஆசையாகக் கூப்பிடும்போது, தெரியவில்லை என்று எப்படிச் சொல்ல? கறுப்பாக ஒரு ஓட்டை. அதில் என் இமைமயிர். அவ்வளவுதான் தெரியும்."

காரில் ஏறிய பிறகு வெகு நேரம் யாரும் பேசவில்லை. சனிக்கிழமை தவறாமல் எள் விளக்குப் போடுகிறவள் அத்தை. வருஷக் கணக்காகக் கும்பிட்டவரை ஒரு தடவையாவது கண்ணால் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு அப்போது ஏற்பட்ட பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. நல்ல வேளையாக, அதற்கு உரிய சாமான் என் கைப்பையில் ஏற்கனவே இருந்தது.

அது என்ன சாமான் என்று சொல்லிவிடுகிறேன். மாமாவின் பெட்டி மேல் "675 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. இது கணக்குப்படி பொய் அல்ல, கண்ணுக்குத்தான் பொய். 900 மில்லிமீட்டர் குவிய தூரமுள்ள குழாயில் 4 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டால் 225 மடங்கு. அதோடு பெட்டியில் இருந்த மூன்று மடங்கு பிளாஸ்டிக் லென்ஸையும் சேர்த்தால் 675. ஆனால் 114 மில்லிமீட்டர் கண்ணாடி தாங்கக் கூடியது, காற்று மிக மிக அமைதியாக இருக்கும் இரவில்கூட, ஏறக்குறைய 230 மடங்குதான். அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், விவரம் பெரிதாகாது. மோர்க்குழம்பில் தண்ணீரை ஊற்றிக் கொண்டே போவதைப் போல.

நான் வாங்கியது இரண்டே மடங்குள்ள பார்லோ லென்ஸ். சுண்டுவிரல் நீளத்தில் ஓர் உலோகக் குழல். அதன் அடியில், நிறங்கள் சிதறாதபடி இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த குழி லென்ஸ். இங்கிலாந்தில் ஊல்விச் ராணுவக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த பீட்டர் பார்லோ என்பவர் (1776–1862) யோசித்ததை, ஜார்ஜ் டாலண்டு என்ற லண்டன் கண்ணாடித் தொழிலாளர் 1830-களில் செய்து காட்டினார். தத்துவம் எளியது. தொலைநோக்கியின் பெரிய கண்ணாடி வெளிச்சத்தை ஒரு புள்ளியை நோக்கிக் குவித்துக்கொண்டே வருகிறது. அது குவிவதற்குச் சற்று முன்னால் குழி லென்ஸ் குறுக்கிட்டு, "அவசரப்படாதே, இன்னும் கொஞ்ச தூரம் போய்க் குவி" என்கிறது. அவ்வளவுதான். 900 மில்லிமீட்டர் குழாய் 1800 மில்லிமீட்டர் குழாயைப் போல் வேலை செய்யத் தொடங்குகிறது. 36 மடங்கு காட்டும் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் இப்போது 72 மடங்கு காட்டும்; 90 மடங்கு காட்டும் 10 மில்லிமீட்டர் ஐபீஸ் 180 மடங்கு காட்டும். இரண்டு ஐபீஸ் இருந்த வீட்டில் நாலு ஐபீஸ் ஆகிவிட்டதல்லவா? குடும்பஸ்தர்களுக்கு இது பெரிய லாபம்.

வாணியம்பாடியில் திரும்பி, ஆலங்காயம் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. ஏற்காடு, கொடைக்கானல் போலக் குளிர்ந்து மயக்கும் மலை அல்ல இது. வறண்ட மரங்கள், பாறை, அங்கங்கே சாமை அறுத்த நிலம், ஓட்டு வீடுகள், சாலையில் நம்மைச் சட்டை செய்யாத ஆடுகள். சந்தன மரத்துக்குப் பேர் போன மலை. காவலூரை நெருங்கியதும் மரங்களுக்கு மேலே வெள்ளைக் கும்மட்டங்கள் தலை நீட்டின. சுமார் 700 மீட்டர் உயரத்தில், நகர வெளிச்சம் எட்டாத இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு. 1960-களின் கடைசியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு இங்கே வேலை ஆரம்பமாயிற்று. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனஸுக்கும் வளையம் உண்டு என்பது தெரியவந்தபோது, அந்த இரவில் சாட்சி சொன்ன கருவிகளில் காவலூர்க் கருவியும் ஒன்று. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. 1982-இலேயே மறைந்துவிட்ட பாப்பு அதைப் பார்க்கவில்லை. அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். மாமாவின் குழாயைவிட அது சேர்க்கும் வெளிச்சம் நானூறு மடங்குக்கும் மேல் என்று என் பையன் கணக்குப் போட்டுச் சொன்னான். "அதிலும் பார்லோ உண்டா?" என்று கேட்டான். அந்தப் பெயரில் இல்லை. ஆனால் குழாய்க்குள் புடைத்த கண்ணாடி ஒன்றை வைத்துக் குவிய தூரத்தை நீட்டிக்கொள்ளும் வித்தை அங்கேயும் இருக்கிறது. குழி லென்ஸ் செய்யும் காரியத்தை அங்கே புடைத்த கண்ணாடி செய்கிறது.

எங்களுக்குத் தங்க இடம் கொடுத்தவர் கொஞ்ச தூரத்தில் நிலம் வைத்திருக்கும் ஒரு தெரிந்தவர். களத்து மேட்டில் தொலைநோக்கியை நிறுத்தி, அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டோம். காரில் சூடேறிய குழாய் வெளிக்காற்றோடு சமாதானம் ஆகாவிட்டால், எந்த லென்ஸைப் போட்டாலும் உருவம் நெளியும்.

பொழுது சாய்ந்தது. மேற்கே என்ன காட்சி என்கிறீர்கள்! மெல்லிய பிறை, அதை ஒட்டினாற்போல் சுக்கிரன், விளக்கேற்றி வைத்தாற்போல். அவற்றுக்குக் கீழே, அடிவானத்தை நோக்கி, மங்கலாக, மஞ்சளாக, சனி. அத்தை ஒரு நொடி அண்ணாந்து பார்த்தாள். அடுத்த நொடி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்றைக்கு என்ன திதி?"

என் கணவர் கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுதுவதற்கில்லை.

அத்தை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க, நாங்கள் சுக்கிரனைப் பார்த்தோம். அதுவும் ஒரு பிறை! சந்திரனைப் போலவே தேய்ந்தும் வளர்ந்தும் காட்டும் கிரகம் அது. வெறுங்கண்ணுக்கு வெறும் பொட்டு. 36 மடங்கில் சின்னஞ்சிறு நகக்கண். பார்லோவைச் செருகிக் குவியத்தைத் திருத்தியதும் நகக்கண் கூர்மையான அரிவாளாயிற்று.

சனி மலைக்குப் பின்னால் இறங்க அதிக நேரம் இல்லை. "சந்திரன் உங்கள் கண்ணில் படாமல் நான் மறைத்துக் கொள்கிறேன், வாருங்கள்" என்று அத்தையை அழைத்து வந்து, முதலில் மாமா காட்டிய மாதிரியே 10 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டேன். அத்தை குனிந்தாள். மூக்குக் கண்ணாடி ஐபீஸில் 'டக்'கென்று இடித்தது. அப்போதுதான் எனக்கு மர்மம் விளங்கியது. சிறிய ஐபீஸில் கண்ணை ஏறக்குறைய ஒட்டி வைத்தால்தான் படம் முழுதும் தெரியும். கண்ணாடி போட்டவர்களுக்கு அவ்வளவு நெருங்க முடியாது. வெறும் கிட்டப் பார்வையோ தூரப் பார்வையோ உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திருகைத் திருப்பிச் சரி செய்துகொள்ளலாம். அத்தைக்கு இருப்பது சிலிண்டர் பவர். அதை எந்தத் திருகும் சரி செய்யாது. கண்ணாடியோடுதான் பார்த்தாக வேண்டும். பாவம் மாமா, பெரிதாகக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒவ்வொரு தடவையும் மிகச் சிறிய துவாரத்தையே அவளிடம் நீட்டியிருக்கிறார்.

25 மில்லிமீட்டர் ஐபீஸின் வாய் அகலம். கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தே பார்க்கலாம். பார்லோவோடு சேர்த்தாலும் அந்தச் சௌகரியம் குறைவதில்லை. உருவம் மாத்திரம் இரண்டு பங்கு ஆகிறது. அதைப் போட்டு, சனியை நடுவில் நிறுத்தி, "குழாயைத் தொடாமல் பாருங்கள்" என்றேன். பார்லோவில் உருவம் இரட்டித்தால் ஆட்டமும் இரட்டிக்கும். கை பட்டால் கிரகம் கும்மியடிக்கும்.

அத்தை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பூமி சுற்றுகிறபடியால் கிரகம் இரண்டு மூன்று நிமிஷத்தில் பார்வையை விட்டு நழுவிவிடும். நழுவியது. "போயிட்டார்" என்றாள். மறுபடியும் நடுவில் கொண்டுவந்து வைத்தேன்.

"வளையம் எங்கேடி? நோட்டில் தொப்பி மாதிரி போட்டிருக்கிறாரே. இங்கே உருண்டைக்குக் குறுக்கே ஊசி சொருகினாற்போல் ஒரு கோடுதானே இருக்கிறது?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தை நிஜமாகவே பார்த்துவிட்டாள்! அந்தக் கோடுதான் வளையம். ஏறக்குறைய பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை சனியின் வளையம் தன் விளிம்பை நமக்குக் காட்டுகிறது. 2025 மார்ச்சில் அது முற்றிலும் விளிம்பாகத் திரும்பவிருந்தது. நாங்கள் போனது அதற்கு ஏழு வாரம் முன்னால். மாமா வரைந்த 2017-இல் வளையம் முழுக்கத் திறந்திருந்த காலம். யாரும் சொல்லிக் கொடுத்து, பார்க்காத ஒருத்தி அந்த ஊசியைச் சொல்லியிருக்க முடியாது.

"மறுபடி எப்போது தொப்பி ஆகும்?"

"கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். 2032-இல் முழுசாகத் திறந்திருக்கும், அத்தை."

அத்தைக்கு எழுபத்தொன்று. விரல் விட்டு எண்ணினாள். "எழுபத்தெட்டு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு நேர் உச்சியில் ரோகிணிக்குப் பக்கத்தில் நின்ற குருவைப் பார்த்தோம். 72 மடங்கில் இரண்டு பழுப்புப் பட்டைகள் கோடு கிழித்தாற்போல் தெரிந்தன. பையனுக்குத் திருப்தி இல்லை. 180 வேண்டும் என்றான். போட்டேன். வெந்நீர் அண்டாவின் அடியில் கிடக்கும் காசைப் போல் குரு நெளிந்தார். பத்து நிமிஷம் பொறுத்தால் நடுவே ஒரு விநாடி காற்று அடங்கும். அந்த ஒரு விநாடியில் பட்டையின் ஓரத்துப் பிசிறுகள்கூடத் தெரியும். பொறுமை இல்லாதவர்களுக்கு 72-தான் உத்தமம். கார்த்திகைக் கூட்டத்துக்கும் ஓரியன் நெபுலாவுக்கும் பார்லோவே வேண்டாம். கார்த்திகைப் பெண்கள் அறுவரில் பாதிப் பேர் படத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். நெபுலாவோ, உருவம் இரட்டிக்கும்போது அதே வெளிச்சம் நாலு மடங்கு இடத்தில் பரவுகிறபடியால், மங்கி வெறும் மூச்சுக்காற்றாகி விடுகிறது. லென்ஸை எடுத்ததும் பழையபடி மலர்ந்தது. மலைப்பனியில் ஐபீஸ் வேர்த்தால் புடவைத் தலைப்பால் துடைக்காதீர்கள், கீறல் விழும். சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் தானே தெளியும்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் நடந்துகொண்டிருக்க, பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"ஏண்டி, நாலாம் பிறையை வெறுங்கண்ணால்தானே பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்? குழாய் வழியாகப் பார்த்தால் தோஷம் உண்டா?"

சாஸ்திரத்தில் குழாயைப் பற்றி ஒன்றும் இல்லை என்று நான் தைரியமாகத் தீர்ப்புச் சொன்னேன். அத்தை பக்கவாட்டில் நடந்து வந்து, சந்திரனைப் பாராமலே தொலைநோக்கியை அடைந்து, குனிந்தாள். பார்லோவில் பிறையின் உட்புற ஓரம் முழுதும் அம்மைத் தழும்பாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் பாதி வெயில், பாதி மை. சில குழிகள் நூறு கிலோமீட்டருக்கும் மேல் அகலமானவை என்றேன். "இவ்வளவு அடிபட்டவனைப் பார்த்தா நாம் பயந்தோம்?" என்றாள்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆறிக் கொண்டிருந்தன. அத்தை எழுந்திருக்கவில்லை, மாமாவின் நோட்டைக் கேட்டாள். பையன் டார்ச் பிடிக்க, புதுப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள். அது கத்தரிக்காயைப் போல் கோணிக்கொண்டு வந்தது. குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் தேதி, மணி, "காவலூர்" என்று எழுதினாள். மாமா எப்போதும் எத்தனை மடங்கு என்பதையும் குறித்திருப்பார் என்று பையன் ஞாபகப்படுத்தினான்.

"எத்தனைடா?"

"எழுபத்திரண்டு, பாட்டி."

அதையும் எழுதிவிட்டு, நோட்டை மூடாமல், மசி உலர வேண்டும் என்பதைப் போல் மடியிலேயே விரித்து வைத்துக்கொண்டாள். எழுதியது என்னவோ பென்சிலால்தான்.