பூக்கடையும் விளம்பரமும்

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நம் கோயில் வாசலில் மல்லிகை விற்கும் பாட்டியை நாம் எல்லோரும் அறிவோம். அவர் கூவி அழைப்பதில்லை, பெயர்ப்பலகை வைத்ததுமில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருவோரைப் பூவின் மணமே அழைத்துவிடுகிறது. முழம் போடும்போது பாட்டியின் கை சற்றுத் தாராளமாக நீண்டால் வாங்குவோர் முகம் மலர்கிறது; முழம் குறைந்தால் அடுத்த வாரம் அவர்கள் வேறு கூடையைத் தேடிப் போகிறார்கள். வாணிபத்தின் இலக்கணம் முழுவதும் அந்தச் சிறு கூடைக்குள் அடங்கியிருக்கிறது. மணம் எட்டாத கடை ஒன்றைத் திறந்த பின்னரே அதனை நாங்கள் உணர்ந்தோம். அந்த அனுபவத்தை அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள். எங்கள் அம்மா தட்டச்சில் தமிழ் ஹையர் தேர்ச்சி பெற்றவர். பல ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்த்தார். மனுவும் பத்திரமும் அடித்து அடித்துப் பழகிய விரல்கள் அவருடையவை. எழுத்தைப் பார்ப்பாரேயன்றி விசைகளைப் பார்க்கமாட்டார். கடை உரிமையாளர் வயது முதிர்ந்து கடையை மூடியபோது அம்மாவின் விரல்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. எங்கள் படிப்புக்காக வாங்கிய கணினியின் தவணையோ மாதந்தோறும் தவறாமல் வந்து நின்றது. அப்போதுதான் இணையத்தில் தொழில் விற்கும் சந்தை ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டோம்.

இத்தகைய சந்தைகள் இன்று பல உள்ளன. 1990-களின் இறுதியில் தோன்றிய ஈலான்ஸ், 2003-இல் தோன்றிய ஓடெஸ்க் என்ற இரண்டும் பின்னாளில் இணைந்து, 2015-இல் அப்வொர்க் என்னும் பெயரைப் பெற்றன. 2010-இல் இஸ்ரேல் நாட்டில் தொடங்கப்பட்ட ஃபைவர் மற்றொன்று. ஆங்கிலத்தில் ஐந்து டாலர் நோட்டைக் குறிக்கும் பேச்சுச் சொல்லே ஃபைவர். தொடக்கத்தில் அங்கு எந்தப் பணிக்கும் விலை ஐந்து டாலரே. படம் வரைதல், குரல் கொடுத்தல், மொழிபெயர்த்தல், தட்டச்சு செய்தல் எனத் தமக்குத் தெரிந்த பணியை ஒருவர் விளம்பரமாக எழுதி வைக்கிறார். உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒருவர் அதைப் பார்த்து ஆர்டர் கொடுக்கிறார். விற்பவருக்கு வரும் தொகையில் நூற்றுக்கு இருபதைச் சந்தை எடுத்துக்கொள்கிறது. ஐந்து டாலர் வேலைக்கு நான்கு டாலர்தான் கைக்கு வரும். அதுவும் புதியவருக்கு வேலை முடிந்து பதினான்கு நாள் கழித்தே. வாங்கியவர் ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று மதிப்பிட்டு, தம் கருத்தையும் எழுதிச் செல்கிறார். பூவின் மணம் எட்டாத அந்த இடத்தில் அம்மதிப்புரையே மணம்.

பதினெட்டு வயது நிறையாதவர்கள் பெற்றோரின் கணக்கு வழியாக மட்டுமே அங்கு பணி செய்யலாம் என்பது விதி. ஆதலால், நாங்கள் சேர்ந்த சந்தையில் அம்மாவின் பெயரிலேயே கணக்குத் திறந்தோம். நூற்றுக்கு இருபது பிடித்தம் அங்கும் உண்டு. தட்டச்சு அம்மாவின் பங்கு. விளம்பரமும் ஆங்கிலக் கடிதங்களும் எங்கள் பங்கு.

விளம்பரம் எழுத அமர்ந்தோம். சந்தையில் ஏற்கெனவே இருந்தவற்றைப் படித்துப் பார்த்தபோது எங்களுக்கு மலைப்பாயிற்று. ஒவ்வொருவரும் வல்லுநர், ஒவ்வொருவரும் உலகத் தரம்! நாம் மட்டும் அடக்கமாக எழுதினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எனவே நாங்களும் எழுதினோம்: எல்லா வகைத் தமிழும் அறிவோம், எத்துறை ஆனாலும் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் பிழையின்றிச் செய்வோம், இருபத்து நான்கு மணி நேரத்தில் தருவோம். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தட்டச்சைப் பற்றித்தான் எழுதியிருக்கிறோம் என்று எண்ணித் தலையசைத்தார்.

மூன்று வாரம் கடந்தது. எங்கள் விளம்பரம் நானூறு முறை பிறர் திரையில் தோன்றியதாகவும், ஆறு பேர் மட்டுமே திறந்து பார்த்ததாகவும் கணக்குக் காட்டிற்று. ஆர்டர் ஒன்றுகூட இல்லை. பணம் கட்டினால் விளம்பரத்தை முன்வரிசையில் காட்டுவார்கள் என்று அறிந்து, அம்மாவிடம் மன்றாடிப் பத்து டாலர் கட்டினோம். ஒருவர் திறந்து பார்த்தால் இருபது சென்ட் கழியும். ஐம்பது பேர் வந்தார்கள்; பார்த்தார்கள்; போனார்கள். அம்மா ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். "ஐம்பதில் ஒருவர் வாங்கியிருந்தாலும் நமக்கு நாலு டாலர்தான். விளம்பரத்துக்குப் பத்து. ஆறு டாலர் கையை விட்டுப் போயிருக்கும். முதலில் பத்துப் பேர் நம்மை நம்பட்டும். அப்புறம் விளம்பரத்துக்குக் கட்டலாம்." கணக்கில் நாங்கள் வாங்கும் மதிப்பெண்ணை அன்று நினைத்து வெட்கினோம்.

இந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து வந்திருந்த பெரியம்மா மகன் ஒரு வழி சொன்னார். உறவினர் ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து டாலருக்கு ஆர்டர் கொடுத்து, ஐந்தைந்து நட்சத்திரம் போட்டுவிட்டால் கடை சூடுபிடிக்குமாம். பணத்தை நாம் திருப்பித் தந்துவிடலாமாம். எங்களுக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. அம்மா மட்டும் அமைதியாகச் சொன்னார்: "தம்பி, கோர்ட் வாசலில் எத்தனையோ வருஷம் உட்கார்ந்திருந்தேன். பொய்ச் சாட்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது நம் வீட்டில் வேண்டாம்."

மறைக்கல்வி வகுப்பில் எட்டாம் கட்டளையை நாங்கள் எத்தனை முறை ஒப்புவித்திருக்கிறோம்! வாங்காதவர் வாங்கியதாகச் சொல்லும் மதிப்புரையும் அக்கட்டளைக்கு உட்பட்டதே என்று அன்றுதான் உறைத்தது. நாட்டின் விதிகளும் இதனையே கூறுகின்றன. இணைய மதிப்புரைகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையை வெளியிட்டது. மக்களை ஏமாற்றும் விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளும் 2022-இல்தான் வந்தன. அமெரிக்காவில் போலி மதிப்புரைகளைத் தடை செய்யும் விதி 2024-இல் நடைமுறைக்கு வந்தது. பிறரைப் பொய்ச் சாட்சி சொல்ல வைக்காமல் தப்பினோம் என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் எங்களைப் பற்றி நாங்களே எழுதி வைத்த சாட்சியை மறந்துவிட்டோம்.

ஐந்தாம் வாரம் முதல் ஆர்டர் வந்தது. கனடாவில் வாழும் ஓர் அம்மையார் பதினொரு பழைய கடிதங்களை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். எல்லாம் நீலநிற வான்கடிதங்கள். 1986 முதல் 1991 வரை யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அம்மம்மா, அவருடைய தாயாருக்கு எழுதியவை. அம்மம்மாவும் இல்லை; தாயாரும் அண்மையில் காலமானார். தமக்குத் தமிழ் காதால் கேட்டால் கொஞ்சம் புரியும், படிக்கத் தெரியாது என்றும், கடிதங்களைத் தட்டச்சு செய்து ஆங்கிலத்திலும் தரவேண்டும் என்றும் கேட்டிருந்தார். விலை அறுபது டாலர். நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

அம்மா இரவு முழுவதும் விழித்திருந்து அடித்தார். மை பரவிய இடங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, ஓர் எழுத்துப் பிசகாமல் முடித்தார். மொழிபெயர்ப்பு எங்கள் கையில். இருபத்து நான்கு மணி நேரம் என்று எழுதிவிட்டோமே என்ற அவசரத்தில் ஓட்டமாக ஓடினோம். குசினி என்பது சமையலறை, கதிரை என்பது நாற்காலி என்று அகராதி உதவிற்று. வளவில் கோழிகள் குஞ்சு பொரித்த செய்தியை எழுதிவிட்டு, பெட்டைக்குக் காய்ச்சல் என்று அறிந்து மூன்று நாளாகத் தமக்கு நித்திரை இல்லை என்று அம்மம்மா எழுதியிருந்தார். பெட்டை என்றால் பெட்டைக்கோழி. இதில் என்ன ஐயம்? கோழிக்குக் காய்ச்சல் என்று ஆங்கிலத்தில் எழுதினோம். கோழிக்காக உறங்காத கிழவியை எண்ணிச் சிரிக்கவும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது.

மறுநாள் பதில் வந்தது. அதில் கோபம் இல்லை. "அம்மம்மா தொலைபேசியில் என்னை எப்போதும் பெட்டை என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கோழி நான்தான். எனக்கு அப்போது மூன்று வயது. எல்லா வகைத் தமிழும் அறிவோம் என்று நீங்கள் எழுதியதை நம்பித்தான் கொடுத்தேன்" என்று எழுதியிருந்தார்.

நாங்கள் வாய் திறக்கவில்லை. ஈழத் தமிழர் வழக்கில் பெட்டை என்றால் பெண்பிள்ளை. செல்லமாகச் சொல்லும் சொல் அது. பேத்திக்குக் காய்ச்சல் என்று கடல் கடந்து வந்த சேதியால் உறக்கம் தொலைத்த ஒரு பாட்டியின் அன்பை, எங்கள் ஒற்றை வரி கோழிக்கூட்டில் அடைத்துவிட்டது. பதிலை அம்மாவுக்குத் தமிழில் சொன்னோம். விளம்பரத்தில் என்ன எழுதினோம் என்பதையும் அப்போதுதான் முழுமையாகச் சொன்னோம். அம்மா திட்டவில்லை. "என் பெயரில் எழுதியிருக்கிறீர்களே, கண்ணுகளா" என்றார். அடி விழுந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

அம்மா சொல்லச் சொல்ல அன்றே பதில் எழுதினோம். தட்டச்சு எங்களுக்குத் தெரிந்த தொழில். யாழ்ப்பாணத் தமிழ் தெரியும் என்றது உண்மையன்று. பணத்தை முழுவதும் திருப்பித் தருகிறோம். அனுமதித்தால், தெரிந்தவரிடம் கேட்டுத் திருத்தியும் தருகிறோம் என்று எழுதினோம். திருத்தித் தாருங்கள், அவசரம் இல்லை என்று அவர் விடையளித்தார்.

எங்கள் ஊருக்கு அருகே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. அங்கிருந்து வரும் தோழி ஒருத்தி எங்கள் பள்ளியிலேயே படிக்கிறாள். இத்தனை ஆண்டுகளில் அவள் வீட்டுக்கு நாங்கள் போனதில்லை. அந்தச் சனிக்கிழமை அம்மாவோடு போனோம். தோழியின் அம்மம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடிதங்களை உரக்கப் படிக்கலானார். 'ஆறுதலாக வா' என்றால் அவசரமின்றி மெதுவாக வா என்று பொருள்; நாங்களோ தேறுதல் என்று எழுதியிருந்தோம். 'வடிவாகச் சாப்பிடு' என்றால் நன்றாகச் சாப்பிடு. நாங்களோ வடிவத்தைத் தேடி அலைந்திருந்தோம். ஆறாம் கடிதத்தில் அவர் குரல் தடைப்பட்டது. "என்ரை அம்மாவும் இப்பிடித்தான் எழுதுவா" என்று சொல்லிச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எங்களைப் பார்த்து, "பெட்டையள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். அச்சொல்லை எங்களுக்கே உரியதாக அன்று பெற்றுக்கொண்டோம்.

திருத்திய கடிதங்களை அனுப்பினோம். கனடா அம்மையார் நான்கு நட்சத்திரம் தந்தார். முதலில் தவறு நேர்ந்தது, அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு சரிசெய்தார்கள் என்று எழுதினார். ஐந்து கிடைக்கவில்லையே என்று முதலில் ஏங்கினோம். ஆனால் அடுத்து வந்தவர்களுள் இருவர், அந்த மதிப்புரையைப் படித்தே வந்ததாகக் கூறினர். பிடித்தம் போக வந்த நாற்பத்தெட்டு டாலரில் மூன்றில் ஒரு பங்கை முகாம் அம்மம்மாவுக்கு அம்மா வற்புறுத்திக் கொடுத்தார். வேலைக்குத் தகுந்த கூலி, தர்மம் அன்று என்பது அம்மாவின் கட்சி.

விளம்பரத்தையும் மாற்றி எழுதினோம். கையால் எழுதிய தமிழ்க் கடிதங்களை உள்ளபடி தட்டச்சு செய்வோம். யாழ்ப்பாண வழக்கை அவ்வழக்கில் வாழ்ந்த ஒரு மூதாட்டியிடம் கேட்டு எழுதுவோம். சட்டம், மருத்துவம் முதலிய துறை மொழிபெயர்ப்பு எங்களால் இயலாது. ஐந்து நாள் வேண்டும். சொற்களும் குறைந்தன, வாக்குறுதிகளும் குறைந்தன. ஆண்டு முடிவதற்குள் மொத்தம் ஒன்பது ஆர்டர் வந்தன. கணக்கில் ஏறியது 210 டாலர். பிடித்தம் 42 போகக் கைக்கு வந்தது 168. அதில் அம்மம்மாவின் பங்கும் போக, ஐந்து மாதத் தவணையைக் கட்டினோம். இது பெருஞ்செல்வம் அன்று. பணம் கொட்டும் என்று கூறுவோரை நம்பிவிடாதீர்கள், தோழியரே! வேலை வராத வாரங்களே எங்களுக்கு அதிகம்.

இத்துறையில் இறங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். பெற்றோர் அறியாமல் கணக்குத் திறவாதீர்கள். சந்தைக்கு வெளியே பணம் தருகிறேன் என்று ஒருவர் தொலைபேசி எண் கேட்டால் பதில் எழுதாதீர்கள். தம் கல்லூரிக் கட்டுரையை எழுதித் தரும்படி எங்களிடமும் ஒருவர் நல்ல விலை பேசினார், மறுத்துவிட்டோம். பிறர் தேர்வை நாம் எழுதுவது எவ்வகையில் தொழிலாகும்? நொடியில் மொழிபெயர்க்கும் இயந்திரங்கள் இன்று வந்துவிட்டன. அவையும் பெட்டையைக் கோழியாக்கக்கூடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், தெரிந்தவர் வீட்டுக்கு நடந்து போய்க் கேட்கவும் நம்மால் முடியும்.

சென்ற ஞாயிறன்று பூக்காரப் பாட்டியிடம் இரண்டு முழம் வாங்கினோம். ஒன்று அன்னை மரியாவின் பீடத்துக்கு. மற்றொன்று முகாம் அம்மம்மாவுக்கு. பாட்டி வழக்கம்போல் முழத்துக்கு மேல் ஒரு சாண் விட்டே கிள்ளினார். பிறர் காணாத இடத்திலும் முழம் குறையாமல் அளக்கும் மனத்தை எங்களுக்குத் தரும்படி அன்று அன்னையை வேண்டிக்கொண்டோம்.

— சகோதரியர் இருவர்
பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு