வெள்ளக்கடையிலிருந்து ஒரு நாள்: கல் சேர்த்தவரும் பழமொழி சேர்த்தவரும்

காப்பிப் பழம் பறித்து, உலர்த்தி, மூட்டை கட்டியாகிவிட்டது. மிளகும் கொடியிலிருந்து இறங்கிவிட்டது. இனி கோடையின் முதல் மழை விழுந்து காப்பிச் செடி பூக்கும் வரை சேர்வராயன் மலையில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஏற்காடு ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளில் ஒன்றான வெள்ளக்கடையிலும் இதே கதைதான். கவாத்து, களையெடுப்பு என்று வேலை ஒரேயடியாக ஓய்ந்துவிடுவதில்லை. ஆனாலும் வாரத்தில் ஒரு நாளாவது கையில் மிஞ்சும்.

அந்த ஒரு நாளை என்ன செய்வது? அநேகமாக வீட்டுக்கு ஒருவர் எதையாவது சேர்த்துக்கொண்டிருப்பார். தாத்தா தகரப் பெட்டியில் ஓட்டைக் காசு வைத்திருப்பார். மகள் நூலகத்துப் புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகன், புது மாதிரி ஷூ வந்தால் வாங்கி, அட்டைப் பெட்டியோடு பரண்மேல் அடுக்குவான். "இதுக்கெல்லாம் காசையும் நேரத்தையும் பாழாக்கணுமா?" என்று மூவருக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

வெள்ளக்கடைக்காரர்கள் வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் போய்வருகிற ஏற்காடு டவுனில், இப்படி எதையோ சேர்த்தே காலத்தைக் கழித்த இருவர் வாழ்ந்தார்கள். ஒருவர் சேர்த்தது கல். மற்றவர் சேர்த்தது பழமொழி. இருவரும் மாமனார், மருமகன். அவர்கள் விட்டுச் சென்ற பாடத்தைப் பார்க்க ஒரு நாள் உலா போதும்.

தேவாலயத்தில் ஒரு பெயர்

உலாவின் முதல் இடம், ஏற்காட்டின் பழைய ஹோலி டிரினிட்டி தேவாலயம். படகுத்துறைக்கும் லேடீஸ் சீட்டுக்கும் கூட்டம் கூட்டமாகப் போகிறவர்களில் இங்கே திரும்புகிறவர்கள் குறைவு. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவரின் நினைவிடம் இங்கே இருக்கிறது.

ஃபுட் 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். எந்த ஊரில் என்ன பாறை, எங்கே எந்தக் கனிமம் என்று நடந்து பார்த்து வரைபடம் தயாரிப்பதுதான் அரசு அவருக்குக் கொடுத்த வேலை. அந்த நடையில் அவருக்குச் சொந்தமாக ஓர் ஆர்வம் தொற்றிக்கொண்டது. 1863 மே 30-ம் தேதி சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில், சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லைக் கண்டார். அது தானாக உடைந்த கல் இல்லை, மனிதர் கையால் செதுக்கிய கோடரி என்று அவருக்குத் தோன்றியது. இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில், பூண்டி அருகே அத்திரம்பாக்கத்தில் அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஒரு கல்லோடு அவர் நிற்கவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், தென்னிந்தியா முழுக்கப் போகும் இடமெல்லாம் கல்லும் பானை ஓடும் சேர்த்தார். 1904-ல் அந்தச் சேகரிப்பைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. முதுமையில் ஏற்காட்டில் வசித்தார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் காலமானார். அவருடைய சாம்பல் இந்த மலைக்குத்தான் வந்து சேர்ந்தது. இதில் ஒரு பொருத்தமும் உண்டு. அவருக்கு முதல் கருவி கிடைத்த பல்லாவரத்துக் குன்றும், அவர் சாம்பல் அடங்கிய சேர்வராயன் மலையும் சார்னோக்கைட் என்ற ஒரே வகைப் பாறையால் ஆனவை.

அவர் சேர்த்தவை வெறும் கல் குவியலாகப் போகாததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். எந்த ஊரில், எப்படிப்பட்ட இடத்தில் கிடைத்தது என்று கல்லுக்குக் கல் எழுதி வைத்தார். அந்தப் பட்டியல் அவர் மறைந்த பிறகு 1914-லும் 1916-லும் இரண்டு தொகுதிகளாக அச்சாயிற்று. விவசாயிகளுக்கு இது புரியாத விஷயம் இல்லை. மண் மாதிரி எடுத்துப் பையில் போட்டு, சர்வே எண்ணும் பயிரும் எழுதாமல் அனுப்பினால் பரிசோதனை நிலையத்தில் அது யாருக்கும் உதவாத மண். சீட்டு எழுதிப் போட்டால்தான் அது ஒரு வயலின் கதை சொல்லும். கல்லுக்கும் அப்படியே.

மாமனாரின் பழமொழிகள்

ஃபுட்டின் முதல் மனைவி எலிசபெத், பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியாரின் மகள். பெர்சிவல் 1826-ல் யாழ்ப்பாணம் வந்து, பல ஆண்டுகள் அங்கே பள்ளி நடத்தியவர். ஆறுமுக நாவலரைத் துணையாக வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பிறகு சென்னைக்கு வந்து 1855-ல் 'தினவர்த்தமானி' பத்திரிகையைத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் இருந்தார். கடைசிக் காலத்தில் ஏற்காட்டுக்கு வந்து, 1882-ல் இங்கேயே காலமானார்.

அவருடைய ஆசை தமிழ்ப் பழமொழிகள் மேல். 1842-ல் யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பு போட்டார். விடாமல் சேர்த்துக்கொண்டே இருந்து, 1874-ல் 6,000-க்கும் மேற்பட்ட பழமொழிகளோடு பெரிய தொகுப்பாக வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் எண், பக்கத்திலேயே ஆங்கில விளக்கம்.

அவை எல்லாம் வயலிலும் சந்தையிலும் அடுப்படியிலும் புழங்கிய பேச்சு. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த மலைக்கென்று, சாமைக்கும் தினைக்கும் மிளகுக்கும் பெரியவர்கள் சொன்ன பேச்சுகள் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான். பெயரைப் பார்த்து மலையாள மொழிக்காரர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. மலையை ஆள்பவர்கள் என்பதே அந்தப் பெயருக்கு அவர்கள் சொல்லும் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அந்த வீட்டுப் பாட்டிமார் வாயில் உள்ள பேச்சை இன்னும் யாராவது எழுதினால் அதுவும் ஒரு தொகுப்பாகும். எழுதாவிட்டால் அவர்களோடு போய்விடும்.

மரத்தடிக் கல்

சேலம், தருமபுரி, சவ்வாது மலைப் பக்கங்களில் மரத்தடிப் பிள்ளையார் பக்கத்தில் மழமழவென்று சின்னக் கற்கள் வைத்திருப்பதைக் காணலாம். கறுப்பாக, உள்ளங்கை நீளத்தில், ஒரு முனை அகன்று கூராக, மறு முனை குவிந்து இருக்கும். அவற்றில் பல, புதிய கற்காலத்தில் நம் முன்னோர் தேய்த்து வழவழப்பாக்கிய கோடரிகள். முதன்முதலாகக் காடு திருத்திப் பயிர் செய்த மனிதரின் கருவி அது. உழும்போதும் குழி வெட்டும்போதும் கிடைத்ததை, இது சாதாரணக் கல் இல்லை என்று உணர்ந்து யாரோ சாமியிடம் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஃபுட் காலத்து ஆய்வாளர்களும் இப்படிக் கோயிலடியில் பல கோடரிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

அந்த மரியாதைதான் அவற்றை இவ்வளவு நாள் காப்பாற்றியது. இன்று கோயிலுக்குச் சிமென்ட் தளம் போடும்போது அவை கலவைக்குள் போகின்றன. தோட்டத்தில் கிடைப்பவை வரப்புச் சுவரில் சேர்கின்றன. இப்படி ஒன்று கண்ணில் பட்டால் விற்கவோ, விலைக்குக் கேட்பவருக்குக் கொடுக்கவோ வேண்டாம். கிடந்த இடத்தைப் படம் எடுத்து, தேதியும் சர்வே எண்ணும் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ சேலம் அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லலாம். பானையோடு புதைந்த காசு, நகை என்றால் தெரிவிப்பது சட்டப்படியான கடமை.

செருப்புப் பூவின் பாடம்

உலாவின் அடுத்த இடம், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம். 1963-ல் தொடங்கப்பட்டது. ஷூ சேர்க்கும் மகனைக் கட்டாயம் இங்கே கூட்டிவர வேண்டும். ஏனென்றால் ஒரு ஆர்க்கிட் பூவின் கீழிதழ் செருப்பின் முன்பாகம் போலவே இருக்கும். சீமாட்டியின் செருப்பு என்று பொருள்படும் பெயரால் உலகமே அதை அழைக்கிறது. அந்த வகையில் தென்னிந்தியாவுக்கே உரியது, அகத்தியமலைப் பகுதியில் 1865-ல் கர்னல் டுரூரி கண்டெடுத்த மஞ்சள் பூ. அழகுக்காக வேரோடு பிடுங்கிப் பிடுங்கி வெளிநாட்டுக்குக்கூட அனுப்பினார்கள். கடைசியில் அது அழிந்தே போய்விட்டது என்று நினைக்கும் நிலை வந்தது. 1972-ல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது.

ஆக, சேர்ப்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, இருந்த இடத்துக்குக் கேடு செய்து தன் வீட்டில் அடுக்குவது. மற்றொன்று, அழியப் போவதை அடையாளத்தோடு காத்து வைப்பது. ஃபுட்டும் பெர்சிவலும் இரண்டாவது வகை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் திரட்டி, நெல் திருவிழா நடத்தி, 2018-ல் மறைந்த நெல் ஜெயராமனும் அந்த வகைதான்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் செய்ய வேண்டிய ஒன்று. நிழல் மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட்டைப் புல்லுருவி என்று நினைத்து வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு. புல்லுருவி கிளைக்குள் வேரைச் செருகி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஒட்டிய இடத்தில் கிளை புடைத்திருக்கும். பறவைகள் அதன் பிசுபிசுப்பான பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். அதைப் பழம் பிடிக்கும் முன்பே, ஒட்டிய இடத்துக்குக் கீழே கிளையோடு வெட்ட வேண்டும். ஆர்க்கிட்டின் வெள்ளை வேர் பட்டைக்கு மேலேயே படர்ந்து, மழையிலும் பனியிலும் நீர் பிடித்துக்கொள்ளும். மரத்திடம் இடம் மட்டுமே கேட்கும், உணவு கேட்காது. அதை விட்டுவிடலாம். காட்டிலிருந்து பிடுங்கி வந்து வளர்ப்பது குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஒரு நோட்டு போதும்

இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும். எதைச் சேர்த்தாலும் என்ன, எங்கே, எப்போது, யார் சொன்னது என்று நான்கையும் எழுதிவிட வேண்டும். எதில் தொடங்கலாம் என்பவர்களுக்குச் சில யோசனைகள்:

மழைக் கணக்கு: அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அளவுகோலால் நீர் உயரத்தை அளக்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு சுமார் 4,000 லிட்டர் நீர். முதல் கோடை மழை எந்தத் தேதியில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, அதற்கு எத்தனையாவது நாள் காப்பி பூத்தது என்று எழுதினால், ஐந்து வருடத்தில் அது தன் தோட்டத்துக்கே உரிய பஞ்சாங்கம் ஆகும்.

விதை: பாட்டி வைத்திருக்கும் சாமை, தினை, கேழ்வரகு, அவரை. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி, பெயர்ச் சீட்டோடு. ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பிக்க வேண்டும். பாட்டிலில் வைத்து அழகு பார்த்தால் முளைப்புத் திறன் போய்விடும்.

பேச்சு: வாரம் ஒரு பழமொழி, சொன்னவர் பெயரோடு. எழுதும் வேலையைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் நல்லது.

வாசிப்பு: வீட்டு வரியோடு ஒரு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் அதற்கு வழி செய்தது. காசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, புத்தகம் எடுப்பதுதான் பாக்கி.

மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா வரும். மலையின் மட்டமான உச்சியில், குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் கோயில் அது. சுற்று வட்டாரத்து ஊர் ஜனமெல்லாம் அங்கே கூடும். ஒரே இடத்தில் இத்தனை தாத்தா பாட்டிகள் வேறு நாளில் கிடைக்க மாட்டார்கள். சாமி கும்பிட்டு முடித்ததும் நிழல் பார்த்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருக்கும் நோட்டை எடுக்கலாம். மகன் ஷூ போட்டுக்கொண்டே வரட்டும். மலையேற அதுவும் உதவும்.